தூங்கினால் தெரியாதவள்

சலவைக் கடை மாடியில் குடியிருந்தவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தை, விழித்திருக்கும்போது கண்ணுக்குத் தெரிந்தது, தூங்கினால் தெரியவில்லை. சோப்பு விலை இரண்டு தடவை ஏறி, பாலத்துக்குப் பெயின்ட் அடித்து, மழை தாமதமாக வந்த வருஷம் அது. தெருவில் கொஞ்ச நாள் குழந்தையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பாலத்துக்கு அடித்த பச்சை நிறம் யாருக்கும் பிடிக்காமல் போனதால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பெற்றவளுக்கு மட்டும் அப்படிப் பேச்சை மாற்றிக்கொள்ள வழியில்லை.

பெற்றவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள். வருகிறவர்களை உயர நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின் மேல் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பது அவள் வேலை. எதையும் கண்ணால் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும். புருஷன் கீழே சலவைக் கடை வைத்திருந்தான். லாட்ஜுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவைத்து அனுப்புகிற கடை. எந்த நேரமும் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருப்பான். வாய்க்குப் பூட்டே கிடையாது என்று அவன் அக்காவே சொல்வாள். அந்த அக்கா கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டோடு இருந்தவள். கடையில் துணி மடிப்பது அவள்தான் என்பதால் தெருவே அவளை மடிப்பக்கா என்று கூப்பிட்டது. தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் அவள் அண்ணி.

பெற்றவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்தபோதே பயமும் தெரிய ஆரம்பித்தது. மேசை முனைகளுக்குப் பழந்துணி சுற்றினாள், ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்கச் சொன்னாள், மாடிப்படியின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே தன் முஷ்டியை நுழைத்துப் பார்த்து, நுழைந்த இடத்திலெல்லாம் கயிறு கட்டவைத்தாள். "பொறக்கப் போறது கொழந்தையா, பூனையா?" என்று கேட்டுக்கொண்டே புருஷன் கட்டிக்கொடுத்தான். ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். திரையில் கருப்பாக ஓர் இடம் மட்டும் தெரிந்தது. டாக்டரம்மா கருவியை வயிற்றின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தினார். இதயம் அடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அடிக்கிற இதயத்தைத்தான் காணோம்.

"சத்தம் இருக்கு, ஆளக் காணோம்," என்றார் டாக்டரம்மா. "வெளிய போய் எதாவது இனிப்பாக் குடிச்சிட்டு வாங்க. தூங்குதுன்னு நெனக்கிறேன்."

பழச்சாறு குடித்துவிட்டு வந்து திரும்பப் படுத்தாள். இந்தத் தடவை முதுகெலும்பு, மண்டை, மடக்கிய முழங்கால் எல்லாம் இருந்தன. டாக்டரம்மா இரண்டு தடவை சோதித்துவிட்டு, முழித்தால் தெரிகிறது, தூங்கினால் தெரியவில்லை, மற்றபடி வளர்ச்சி சரியாக இருக்கிறது என்று சொல்லி, இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும் வழியில் புருஷன், "நல்லதுதானே, கண்ணு படாது," என்றான். அவள் சிரிக்கவில்லை. ஆட்டோவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் அசைவு வருகிறதா என்று காத்துக்கொண்டே வந்தாள்.

குழந்தை அழுதுகொண்டே பிறந்ததால் எல்லோரும் பார்த்தார்கள். அப்பாவின் நெற்றி, அம்மாவின் மூக்கு, கோபம் மட்டும் அத்தையுடையது என்று பேசிக்கொண்டார்கள். குளிப்பாட்டித் துண்டில் சுற்றியதும் அது கண்ணயர்ந்தது. நர்ஸின் கையில் வெறும் துண்டு, உள்ளே ஆள் இருக்கிற வடிவத்தில் உருண்டு நின்றது. நர்ஸ் அதை மெல்லத் தூக்கி எடைபார்த்தாள். "கனம் இருக்கும்மா," என்று சொல்லி, பத்திரமாகத் தாயின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

உடம்புதான் மறைந்ததே தவிர, உடுப்பு மறையவில்லை. அதனால் வீட்டுக்கு வந்ததும் அண்ணி வெள்ளைத் துணிகளை ஒதுக்கிவிட்டுச் சிவப்பும் மஞ்சளுமாகச் சட்டைகள் தைத்துக் கொடுத்தாள். பகலில் தொட்டிலைப் பார்த்தால், ஆளில்லாத சிவப்புச் சட்டை ஒன்று ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். பெற்றவள் அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். ஏறியது இறங்கக் கொஞ்சம் தாமதித்தால் அவளுக்கும் மூச்சு நின்றுவிடும். முதல் பிள்ளை பெற்ற எல்லோரும் தூங்குகிற குழந்தையின் மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்கிறார்கள். இவள் முதலில் மூக்கைத் தேட வேண்டியிருந்தது. கழுத்துப் பட்டியிலிருந்து விரலை மேலே ஏற்றி, மோவாய், உதடு, அதற்கு மேல் மூக்கு என்று தடவிப் போவாள். அந்தச் சூடான காற்று விரலில் படுகிற வரைக்கும் உயிர் அவள் கையில் இருக்காது.

அந்தச் சம்பவம் நடந்தது கோடையில், மின்சாரம் போன ஒரு மத்தியானம். குழந்தை காலையிலிருந்து பாலைக் கக்கிக் கக்கி, கலர்ச் சட்டை ஒன்றுவிடாமல் நனைத்துவிட்டது. புழுக்கத்துக்கு இடுப்பில் ஒரு வெள்ளைத் துணியை மட்டும் கட்டிவிட்டு, "நான் குளிச்சிட்டு வந்துடறேன், கையிலயே வச்சிருங்க," என்று புருஷனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் குழந்தையோடு கீழே இறங்கினான். மடிக்கிற மேசையின் மேல் ஒரு பெரிய விரிப்பில் வெள்ளைத் தலையணை உறைகள் குவிந்து கிடந்தன. உறைகளை யாரும் மடிப்பதில்லை, அப்படியே குவித்து நான்கு மூலையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வெயிலில் காய்ந்த சூடு அவற்றில் இன்னும் இருந்தது. வாசலில் ஒரு லாட்ஜ்காரர் விரிப்பில் கறை போகவில்லை என்று சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அவன் குழந்தையை அந்தக் குவியலின் மேல் படுக்கவைத்தான், ஒரு நிமிஷம்தானே என்று. கதகதப்பில் குழந்தை உடனே தூங்கிப்போனது. பின்பக்கத்திலிருந்து அண்ணி இன்னும் ஒரு கை உறைகளைக் கொண்டுவந்து குவியலின் மேல் போட்டாள், மூட்டையைக் கட்டினாள், வேன்காரரிடம் தூக்கிக் கொடுத்தாள். வேன் கிளம்பிப் போனது.

பெற்றவள் ஈரத் தலையோடு இறங்கி வந்தாள். புருஷன் வாசலிலிருந்து உள்ளே வந்து மேசையைக் காட்டினான். அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. மேசை காலியாக இருந்தது; இடுப்புத்துணி எங்கோ நழுவியிருக்கும், குழந்தை தூங்குகிறது என்று நினைத்தாள். இரண்டு கைகளாலும் மேசையைத் தடவினாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவினாள். மரம்தான் இருந்தது. குனிந்து தரையைத் தடவினாள்.

"இங்க இருந்த உறையெல்லாம் எங்க?" என்று புருஷன் கேட்டான்.

"கட்டி ஏத்திட்டேனே," என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். "கொஞ்சம் கனமா இருந்துச்சு. ஈரம் காயலன்னு நெனச்சேன்."

புருஷன் போனில் வேன்காரரைப் பிடித்தான். பாலத்துக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தவர், அப்படியே ஓரங்கட்டச் சொன்னதும் ஓரங்கட்டினார். எதையும் தொட வேண்டாம், கதவை மட்டும் திறந்து வையுங்கள் என்றதும் திறந்து வைத்தார். மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். பெற்றவள் மனதில் ஒன்றுதான் ஓடியது: அந்த மூட்டையின் மேல் வேறு மூட்டை இருக்குமா, இருக்காதா. கேட்கப் பயந்துகொண்டு கேட்கவில்லை.

வேனுக்குள் கூரை வரைக்கும் வெள்ளை மூட்டைகள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பெற்றவள் ஏறப் போனபோது அண்ணி அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "அவசரப்பட்டு மிதிச்சிடாத. முடிச்சப் பாத்தா எது கடைசியாக் கட்டினதுன்னு எனக்குத் தெரியும்." ஒவ்வொன்றாகப் பார்த்து, கதவோரம் மேலாக இருந்த ஒன்றைத் தொட்டாள். பதற்றத்தில் அவள் போட்ட முடிச்சே அவளுக்கு அவிழவில்லை. வேன்காரர்தான் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். பெற்றவள் முழங்கை வரைக்கும் கைகளை உள்ளே விட்டாள். உறை, உறை, உறை. பிறகு துணியில்லாத ஏதோ ஒன்று, வெதுவெதுப்பாக, கட்டைவிரல் நீளத்தில். ஒரு பாதம். அதைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி, முழங்கால், இடுப்புத்துணி, வியர்த்த முதுகு என்று கண்டுபிடித்து வெளியே எடுத்தாள். அவள் கைகளுக்கு நடுவே ஒன்றும் இல்லை, இடுப்புத்துணி மட்டும் காற்றில் நின்றது. மூக்கைத் தேடி விரலை வைத்தாள். காற்று வந்தது.

சாலையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை கொட்டாவி விட்டது, கண் திறந்தது, முழு உடம்போடு வெயிலில் தெரிந்தது. கன்னத்தில் உறையின் தையல் தடம் பதிந்திருந்தது. புருஷன் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். வேன்காரர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மத்த மூட்டையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துடவா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து பெற்றவள் குழந்தையை யார் கையிலும் கொடுக்கவில்லை. ஒரு நீளத் துணியால் தன் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டும் போதவில்லை. குழந்தை கண்ணயர்ந்து கை காலெல்லாம் மங்க ஆரம்பித்ததும் உள்ளங்காலைச் சுண்டுவாள். அது வீரிட்டுக்கொண்டு திரும்பத் தெரியும். தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி. அந்த நிம்மதி அடுத்த மங்கல் வரைக்கும்தான். இப்படியே நாட்கள் போயின. இரண்டு பேரும் தூங்கவில்லை. புருஷன் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரு தடவை வாயைத் திறந்து, "கொஞ்சம் தூங்கவிடேன்," என்றான்; அவள் பார்த்த பார்வையில் கீழே போய்விட்டான். அண்ணி மாடிக்கு வருவதே இல்லை. சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டு, தட்டைத் தட்டிச் சத்தம் காட்டிவிட்டு இறங்கிப்போவாள்.

குழந்தை இளைத்தது. பால் குடிக்க வாய் வைத்து, குடிக்கத் தெம்பில்லாமல் அழுதது. டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் குழந்தையைத் தராசில் போட்டார், நாக்கைப் பார்த்தார், உள்ளங்கால் சிவந்து கிடந்ததைப் பார்த்தார். அதை வெகு நேரம் பார்த்தார்.

"நோயெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. இது தூங்கணும். தூங்கினாத்தான் வளரும்."

"தூங்கினாத் தெரியலையே டாக்டர்."

"தெரியாதுதான். பாத்துக்கிட்டே இருக்கணுமா, வளரணுமா? ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் மாடி ஏறவில்லை. நேராகக் கடையின் பின்பக்கம் போனாள். அண்ணி அயர்ன் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பெற்றவள் மார்பிலிருந்த கட்டை அவிழ்த்தாள். கண்கள் எரிந்தன. தரை மேலும் கீழும் போய் வந்தது.

"அண்ணி, இவளக் கொஞ்சம் புடிங்க. நான் விழுந்துடுவேன் போலருக்கு."

"எங்கிட்டயா குடுக்கற?"

"உங்ககிட்டதான்."

"நான் பண்ணினது மறந்துபோச்சா?"

"மறக்கல. அதனாலதான். இனிமே இந்த வீட்ல யாரு மறந்தாலும் நீங்க மறக்க மாட்டீங்க."

அண்ணி கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். திரும்பவும் துடைத்துக்கொண்டாள். பிறகு வாங்கிக்கொண்டு, தரையில் பாய் விரித்து, மஞ்சள் சட்டையோடு குழந்தையைப் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, சட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். பெற்றவள் அதே பாயில் சுருண்டாள். குழந்தையின் விரல்கள் முதலில் மங்கின, பிறகு காதுகள், பிறகு அந்தக் கோபக்கார நெற்றி. சுண்டுவதற்கு அவள் கை தானாக நீண்டது. அதை எடுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். முகம் முழுசாகப் போனது. பயத்தோடுதான் அவள் கண்ணை மூடினாள். பயம் போன பிறகு தூங்கலாம் என்று காத்திருந்தால் தூங்கவே முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது.

எழுந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். அண்ணியின் உள்ளங்கை ஏறியது, இறங்கியது. "இன்னும் முழிக்கல," என்றாள் அண்ணி, தாழ்ந்த குரலில். "ஒரு தடவ தூக்கத்துல சிரிச்சா." எப்படித் தெரியும் என்று பெற்றவள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தது. தவழ்ந்தது, நடந்தது, கயிறு கட்டாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்து அங்கே விழுந்து நெற்றியில் தழும்பு வாங்கியது. பள்ளிக்கூடத்தில் மத்தியானக் கணக்கு வகுப்பில் அவள் இடத்தில் சீருடை மட்டும் தெரிந்தால், ஆசிரியை பெஞ்சைத் தட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். பேருந்தில் உட்கார வந்தவர்கள் ஆளில்லாத சீருடையைப் பார்த்தால் நின்றுகொண்டே பயணம் செய்தார்கள். பெற்றவளின் பயம் அடியோடு போகவில்லை. ஆனால் வீட்டில் ஒரு பொருளாக அதற்கும் ஓர் இடம் ஒதுக்கியாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மின்விசிறியைப் பழுதுபார்க்க எலக்ட்ரீஷியன் வந்தார். தெருவுக்குப் புதியவர். செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலில் ஏறி நிற்கக் காலைத் தூக்கினார். கட்டிலில் கழுத்துவரை இழுத்துவிட்ட போர்வையும், கொஞ்சம் அமுங்கிய தலையணையும்தான் இருந்தன.

"அந்தப் பக்கம் ஏறாதீங்க," என்றாள் பெற்றவள், காய் நறுக்கிக்கொண்டே. "பொண்ணு தூங்குது."

அவர் தலையணையைப் பார்த்தார். தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தார். பிறகு ஸ்டூலைச் சத்தமில்லாமல் நகர்த்திப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கழட்டறப்போ சத்தம் வரும்மா. எழுந்துடுமா?"