ராசாத்தாள் பேங்க் பார்த்த கதை

பாலுசாமிக்கு முப்பத்தொன்பது வயது. இத்தனை வருஷத்தில் அவன் ஒருவர் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொன்னதே இல்லை. மில்லில் இன்னொரு ஷிப்டு பார்க்கச் சொன்னால் 'ஆகட்டுங்க' என்பான். மில்லை மூடிக் கணக்கு முடித்து, இங்கே கையெழுத்துப் போடு என்று பேப்பரை நீட்டியபோதும் அதையேதான் சொன்னான். பெரியநாயக்கன்பாளையத்தில் அவனைக் குறை சொல்கிற ஆள் கிடையாது. அந்த உரிமை அவன் மனைவி ராசாத்தாளுக்கு மட்டும் உண்டு. அவளும் அதை அளவாகத்தான் செலவழித்து வந்தாள்.

மில் போன பிறகு குடும்பம் நடந்தது அவள் கையால்தான். பம்ப் கம்பெனிகளிலிருந்து மோட்டாரின் வெறும் இரும்புக் கூட்டை வாங்கி வந்து, செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி, உள்ளே இறக்கிக் கட்டிக் கொடுப்பாள். கூட மூன்று பெண்கள். கையால் சுற்றுகிற மிஷினை வைத்துக்கொண்டு நாளைக்கு மூன்று நான்கு மோட்டார் முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும். தொண்ணூற்றாறு பொங்கல் கழிந்ததும் ஒரு கம்பெனிக்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: பங்குனியிலிருந்து மாதம் இருநூறு மோட்டார் தருகிறேன், ஆனால் மாசி முடிவதற்குள் கரண்டில் ஓடுகிற மிஷின் இரண்டு உன் ஷெட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கணபதி ஊரில் ஒருத்தன் காத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு மிஷினுக்கும் மற்ற சாமான்களுக்கும் தொண்ணூறாயிரம் ஆகும். கையில் இருந்தது பாலுசாமியின் மில் பணம் இருபதாயிரம். அது செம்புக் கம்பி வாங்குவதற்கு.

படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு பேங்க் மூலமாக அரசாங்கம் கடன் கொடுக்கிற திட்டம் ஒன்று இருந்தது. ராசாத்தாள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கோயமுத்தூரில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய், வரிசையாக உட்கார்ந்திருந்த அதிகாரிகளின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, சிபாரிசு ஃபைலோடு திரும்பினாள். அடமானம் எதுவும் கேட்கக்கூடாது என்பது சட்டம், எந்த பேங்க் என்பது உங்கள் விருப்பம் என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள்.

அவளுக்கு அன்று கம்பி சுற்றுகிற வைண்டிங் வேலை தலைக்கு மேல் இருந்தது. "ஊர்ல இருக்கற ரெண்டு பேங்கிலயும் போயி வெசாரிச்சுட்டு மட்டும் வாங்க" என்று ஃபைலைக் கொடுத்துப் பாலுசாமியை அனுப்பினாள். அவன் மொபெட்டை எடுத்துக்கொண்டு முதலில் மெயின் ரோட்டு பேங்குக்குப் போனான். கண்ணாடிக் கதவு, குளுகுளு ரூம். மேனேஜர் லட்சுமணசாமி எழுந்து நின்று கைகூப்பினார். அதிலேயே பாலுசாமி பாதி விழுந்துவிட்டான். பாலுசாமியின் அம்மா பிறந்த ஊர் கிணத்துக்கடவு என்று தெரிந்ததும், "அட, அப்ப நாம ஒரம்பரையாச்சுங்களே" என்றார் மேனேஜர். உறவென்று ஒருவர் சொல்லி, காப்பியும் வாங்கிக் கொடுத்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆள் அதற்குப் பிறகு அவரிடம் மறுத்துப் பேச மாட்டான். உயிரே போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருப்பான். "பத்து நாள்ல தொண்ணூறும் வந்துருமுங்க. நம்ம பேங்குல ஒரு இருவதை மட்டும் டெபாசிட்டாப் போட்டு வெச்சிருங்க. மிஷின் நான் சொல்ற கடைல எடுத்துக்குங்க." பாலுசாமி சொன்னான், ஆகட்டுங்க. ஃபைலையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னபோது ராசாத்தாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

"அந்த இருவதை டெபாசிட்டுல போட்டா கம்பிக்கு எங்கீங்க போறது?" என்றாள். "தொண்ணூறு குடுத்து இருவதைப் புடிச்சுக்கிட்டா நம்ம கைக்கு வாரது எழுவது. வட்டி மட்டும் தொண்ணூறுக்கு. அடமானமே கேக்கப்படாதுன்னு அங்க படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க."

"ரொம்ப மரியாதையாப் பேசுனாரு புள்ள."

"பேசட்டுங்க. அடுத்த பேங்குக்குப் போனீங்களா?"

போகவில்லை. அடுத்தது உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்த சின்ன பேங்க். அதன் மேனேஜர் இன்னாசிமுத்துவுக்கு ஊரில் கத்தரி என்று பெயர். யார் எவ்வளவு கேட்டாலும் வெட்டிக் குறைப்பார், உட்காரக்கூடச் சொல்ல மாட்டார் என்று பேச்சு. அங்கே போவதற்குப் பாலுசாமிக்குக் கால் வரவில்லை.

மறுநாள் ராசாத்தாள் மொபெட்டின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எந்த பேங்குக்கு என்று கேட்டான். ரெண்டுக்கும் இல்லை என்றாள்.

"லோன் வாங்கி நல்லா இருக்கறவங்களக் கேட்டா எல்லா பேங்கும் நல்ல பேங்குதானுங்க. ஓடற மோட்டாரைப் பாத்து வைண்டிங்கு நல்லதா கெட்டதான்னு சொல்ல முடியுமுங்களா? எரிஞ்சு வந்ததைப் பிரிச்சாத்தான் எவன் எப்படிச் சுத்துனான்னு தெரியும். கட்ட முடியாமப் போனவங்களப் பாத்துட்டு வரலாம், வாங்க."

பாலுசாமி அசந்து போனான். இருபது வருஷம் மில்லில் வேலை பார்த்தவனுக்கு இந்த யோசனை வந்திருக்குமா? வராது. எவனுக்கும் வந்திருக்காது என்றுதான் அவனுக்கு இன்றைக்கும் எண்ணம்.

முதலில் இடிகரையில் கதிர்வேல் வீடு. கிரைண்டர் கல் செய்கிறவன், மெயின் ரோட்டு பேங்கில் கடன் வாங்கியவன். மூன்று தவணை தவறியதும் முதலில் டெபாசிட்டை எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் நிச்சயத்துக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்திருந்த நேரத்தில், வாசலில் ஜீப்பை நிறுத்தி நோட்டீஸைச் சத்தமாகப் படித்தார்கள். "அந்த லட்சுமணசாமியும் ஜீப்புல உக்காந்திருந்தாருங்க. என்னையும் ஒரம்பரைன்னுதான் கூப்புடுவாரு" என்றான் கதிர்வேல். நிச்சயம் நின்றுவிட்டது. பாலுசாமியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்தது துடியலூரில் சாயிரா பானு. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறவள், மாடி பேங்கில் கடன். இரண்டு வருஷத்துக்கு முந்தின ஐப்பசி மழையில் ஷெட் ஒழுகித் துணியெல்லாம் பாழாகி, ஐந்து மாதம் ஒரு பைசா கட்டவில்லை. இன்னாசிமுத்து குடையோடு பஸ்ஸில் வந்து இறங்கி, ஈர பெஞ்சில் உட்கார்ந்து, அவளுடைய ஆர்டர் நோட்டைப் புரட்டினாராம். பள்ளிக்கூடங்கள் பணம் கொடுக்கிற மாதங்களைப் பார்த்துத் தவணையை எல்லாம் அதற்குத் தள்ளி எழுதிக்கொண்டு போனாராம். இன்னும் இரண்டு தவணைதான் பாக்கி.

"அந்த மனுசன் ஒரு நாளும் சிரிச்சுப் பேசுனதில்லக்கா" என்றாள் சாயிரா பானு. "ஆனா அவருக்குப் பயந்து நான் ஒரு நாளும் கதவைச் சாத்துனதில்ல."

ராசாத்தாள் அதைக் கேட்டுவிட்டு எழுந்தாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

மாடி பேங்கில் இன்னாசிமுத்து உட்காரச் சொல்லவில்லைதான். அங்கே இருந்த ஒரே நாற்காலியின் மேல் லெட்ஜர் அடுக்கியிருந்தது. ஒரு மணி நேரம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். கம்பி என்ன விலை, ஒரு மோட்டாருக்கு எத்தனை கிலோ, சேதாரம் எவ்வளவு, கம்பெனி எத்தனை நாளில் பணம் தரும். ராசாத்தாள் ஒவ்வொன்றுக்கும் மடமடவென்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் கொண்டுவந்திருந்த செலவுப் பட்டியலின் நகலை அவர் எடுத்து, பெயர்ப் பலகைக்கும் திறப்பு விழாவுக்கும் போட்டிருந்த எட்டாயிரத்தை அடித்தார். அந்த இரண்டையும் ஆசையாசையாகச் சேர்த்தது பாலுசாமி. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எம்பத்திரெண்டு. டெபாசிட் வேண்டாம், அடமானம் வேண்டாம். மிஷின் எங்க வாங்கணும்ங்கறது உங்க இஷ்டம்" என்றார் இன்னாசிமுத்து. "ஆனா ஃபைல் அங்க இருக்குதே. அது அங்க இருக்கற வரைக்கும் நான் இதை எடுத்துக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் வந்தா மாசிக்குள்ள பணம் கைக்கு வராது."

படியிறங்கும்போது ராசாத்தாள், "நான் போயி வாங்கிட்டு வாரேனுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவனால் ஆகாது என்று தெரிந்து, அவனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். அதுதான் பாலுசாமிக்குச் சுருக்கென்றது.

"குடுத்தது நானு. நானே வாங்கறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை லட்சுமணசாமி வழக்கம்போல எழுந்து கைகூப்பினார். காப்பி வந்தது. பாலுசாமி அதைத் தொடவில்லை.

"எங்களுக்கு வேண்டாமுங்க. ஃபைலைக் குடுத்துருங்க."

"என்னங்க பாலுசாமி, டெபாசிட் போடறேன்னு வாக்குக் குடுத்துட்டு... ஒரம்பரைக்குள்ள இப்படிச் செய்யலாமுங்களா?"

இந்தக் கேள்விக்கு அவன் உடம்பே 'ஆகட்டுங்க' என்று சொல்லத் தயாராகிவிட்டது. கதிர்வேல் வீட்டு வாசலில் நின்ற ஜீப்பை நினைத்துக்கொண்டான்.

"நாஞ் சொன்னது தப்புத்தானுங்க. டெபாசிட் போட முடியாதுங்க" என்றான். அந்த நிலைமையிலும் 'ங்க' போடாமல் இருக்க அவனால் முடியவில்லை. லட்சுமணசாமியின் முகத்திலிருந்த உறவு அப்படியே வடிந்து போனது. இனி இந்தப் பேங்க் படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டு ஃபைலைத் தள்ளினார். வெளியே வந்து மொபெட்டை ஸ்டார்ட் செய்ய அவனுக்கு நாலு உதை தேவைப்பட்டது.

மாடி பேங்கில் ராசாத்தாள் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். இன்னாசிமுத்து ஃபைலை வாங்கி எல்லாக் காகிதத்தையும் ஒருமுறை பார்த்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்து பாலுசாமியைப் பார்த்தார்.

"அவங்களை நிறையக் கேட்டாச்சு. நீங்க சொல்லுங்க. தவணை தவறுமா?"

ராசாத்தாள் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் கலக்கம் தெரிந்தது. தவறவே தவறாதுங்க என்று இவன் அடித்துச் சொல்லிவிடுவான், வாக்குக் கொடுப்பதில் அவனுக்கு நிகர் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். பாலுசாமிக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தவறுனாலும் தவறுமுங்க" என்றான். "கம்பெனிக்காரங்க சொன்ன தேதில பணம் குடுக்க மாட்டாங்க. ஒரு மாசம் ரெண்டு மாசம் முன்னப் பின்ன ஆகுமுங்க. ஆனா தவறுச்சுன்னா, அதைச் சொல்றதுக்கு நீங்க ஆளு அனுப்ப வேண்டியதில்லீங்க. அதுக்கு முந்தியே என்ற பொண்டாட்டி உங்க படியேறி வந்து நிப்பா. அவ ஒளிஞ்சுக்கற ஆளு இல்லீங்க."

இன்னாசிமுத்து முதல் தவணை என்று போட்டிருந்த தேதியை அடித்து, மூன்று மாதம் தள்ளி எழுதினார்.

"இதைத் தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன்" என்றார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் நாற்காலியின் மேலிருந்த லெட்ஜர்களை அவரே தூக்கிக் கீழே வைத்தார். "உக்காருங்கம்மா. மிஷினுக்கு டிராஃப்ட் யார் பேருக்கு எழுதணும், சொல்லுங்க."

ராசாத்தாள் உட்கார்ந்தாள். பாலுசாமி பக்கத்தில் நின்றுகொண்டே அவளைப் பார்த்தான். அவள் கடைப் பெயரைச் சொல்ல வாயெடுத்தவள், ஒரு நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.