பேரீச்சைக்குக் கீழே புல்

துஹாமி முதலாளிக்கு நான் தர வேண்டியது எண்ணூற்று அறுபது தினார். மனைவி மப்ரூக்காவின் கண் ஆபரேஷனுக்கு வாங்கியது.

பாலைவன ஓரத்துக் கெபிலியில் அவர் தோட்டத்தில் எனக்குக் கூலி, பேரீச்சையில் ஐந்தில் ஒரு பங்கு. மரத்தடியில் விளையும் குதிரைமசால் புல்லும் அவரைக்காயும் பாடுபடுகிறவனுக்கு. இதற்கு எழுத்தெல்லாம் கிடையாது, வழக்கம்தான். அந்தப் புல்லைத் தின்றுதான் என் இரண்டு ஆடுகளும் பால் கொடுத்தன. குட்டிகளை விற்றுக் கடனை அடைப்பதாகப் பேச்சு.

கடல் தாண்டிப் பழம் வாங்குகிறவர்கள், ஒரு கிலோவுக்கு எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று கேட்டார்கள். நஜாத் என்ற இன்ஜினீயர் பெண் வந்து பம்பில் மீட்டர் வைத்தாள். எண் அதிகமாக வந்தது. வாய்க்காலை மூடி, மரத்துக்கு மரம் சொட்டுக் குழாய் போட்டார்கள். கோடையில் எண் பாதியானது. முதலாளி இனிப்பு கொடுத்தார். மரங்களுக்கு நடுவே மண்ணில் உப்புப் பூத்தது. புல் கருகியது.

"எம் புல்ல எந்தக் கணக்குல சேத்தே மகளே?" என்று நஜாத்திடம் கேட்டேன்.

"அது சந்தைக்குப் போறதில்லயே சித்தப்பா. அதையும் எழுதிக் குடுத்தேன், வித்தாத்தான் கணக்குங்கிறாங்க வாங்குறவங்க."

"வயித்துக்குள்ள போனா கணக்கில்லயா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "கிணத்துத் தண்ணி எறங்கிட்டே போறதும் நெசந்தானே?"

நிஜம்தான். வருடா வருடம் பம்புக் குழாயை நீட்டிக் கொடுப்பவனே நான்தான்.

ஒரு மத்தியானம் மனது கேட்காமல் குழாயைக் கழற்றிப் புல்லுக்கு விட்டேன். மறுநாள் முதலாளி வந்தார்.

"ஆட்டுக்கு விருந்து வச்சியாமே ஜிலானி. மீட்டர் கோள் சொல்லிடுச்சு."

"கொஞ்சம்தான் முதலாளி."

"வாங்குறவன் போயிட்டா ஒன்னோட அஞ்சுல ஒண்ணும் போச்சு. நான் என்னடா செய்ய?"

அவரிடம் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வைக்கோல் வாங்கிப் போட்டேன். பாலை விட வைக்கோல் விலை அதிகம். ஆடுகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் நானே முதலாளி வீட்டுக்குப் போனேன்.

"கடனுக்கு ரெண்டையும் புடிச்சுக்குங்க."

"எலும்பும் தோலுமா இருக்கே. சரி விடு, பையன் கல்யாணத்துக்கு ஆகும். கணக்கு நேராப் போச்சு."

மாலையில் அவருடைய ஆள் வந்து ஆடுகளை ஓட்டிப்போனான். மப்ரூக்கா வாசலில் நின்று, தெருமுனை வரை அவை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு அவ்வளவு தூரம் நன்றாகத் தெரிகிறது.

கடன் தீர்ந்தது.