கைகளை எண்ணுவதற்குள்

தாரியோ சவப்பெட்டியின் முன்பிடியைப் பற்றி வாசல் பக்கம் இழுத்தான். பின்பிடியை எல்வாவின் அப்பா விடவில்லை. நாற்காலிகளின் மேல் பெட்டி ஆடியது. தலைமாட்டு மெழுகுவத்தி விழுந்து உருண்டது. எல்வா அதை மிதித்து அணைத்தாள்.

“விடுங்க ஐயா. ரெமிகியோ இனிமே உங்க புள்ள மட்டும் இல்ல, மாணவர் சங்கத்துப் புள்ள,” என்றான் தாரியோ. “இன்னைக்குப் பல்கலைக்கழக மன்றம் கூடுது. நேரா அங்க கொண்டுபோய் மேசை மேல வைக்கிறோம். அப்புறம் எவன் தேர்தல்னு வாயத் தொறக்கறான்னு பாப்போம்.”

“சுரங்கத்துக்காரங்க கல்லறையில குழி வெட்டியாச்சு,” என்றார் அப்பா. சுரங்கத்துக்காரர்கள் பசியும் களைப்பும் தெரியாமலிருக்க மெல்லும் கோக்கா இலை கன்னத்தில் உப்பியிருந்தது. “அங்கதான் போறான்.”

தெருவை அடைத்துக்கொண்டு பையன்கள் நின்றார்கள். கைகளில் தடிகள். சிலர் இடுப்பில் டைனமைட் குச்சிகள். பொழுது விடிந்ததும் விடியாததுமாகச் சாராய வாடை.

ரெமிகியோவுக்கு முப்பத்தாறு வயது. பதினைந்து வருடமாகச் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். பொலிவியாவின் மற்ற ஊர்களைப் போலவே அந்தச் சுரங்க நகரத்திலும் பல்கலைக்கழக மன்றத்தில் பாதி வாக்கு மாணவர்களுடையது; ஒரு காலத்தில் அடிபட்டு, சிறைக்குப் போய் வாங்கியது. அந்தப் பாதி இப்போது ரெமிகியோவின் சட்டைப்பையில் இருந்தது. அவன் சம்மதிக்காமல் எந்தத் துணைவேந்தரும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மாணவர் தேர்தல் நடந்தே பல வருடமாயிற்று. வீட்டுக்குக் கான்கிரீட் கூரை போட்டதும் அவன்தான், எல்வாவைச் செவிலியர் படிப்பில் சேர்த்ததும் அவன்தான்.

முந்தாநாள் விளையாட்டரங்கில் மாணவர் கூட்டம். எதிரணி ஓமர் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, “தேர்தல் வேணுங்கறவங்க கை தூக்குங்க” என்றான். அரங்கம் முழுவதும் கைகள் எழுந்தன. எல்வாவும் தூக்கினாள். மேடையிலிருந்து அண்ணன் அவளைப் பார்த்தான். கோபம் இல்லை, அவள் சின்ன வயதில் சூப்பைக் கொட்டியபோது பார்ப்பானே, அந்தப் பார்வை. கைகளை எண்ணத் தொடங்கியதும் சட்டைக்குள்ளிருந்து ஒரு டைனமைட் குச்சியை எடுத்தான். பக்கத்தில் நின்ற கூட்டாளி தாரியோ தீப்பெட்டியை நீட்டினான். காலியாக இருந்த மூலையில் வீசிக் கூட்டத்தைக் கலைப்பது ரெமிகியோவுக்குப் பழக்கம்தான். இந்தத் தடவை திரி குட்டையாக இருந்தது.

ஓமர் கும்பல்தான் குண்டு வீசியது என்று மறுநாளே ஊரெல்லாம் பேச்சு. ஓமரின் அறையைக் கொளுத்தினார்கள். ஜன்னல் வழியாகக் குதித்தவனை முதுகெலும்பு முறியும்வரை அடித்தார்கள்.

“ஓமர் ஒருத்தன் பத்தாது,” என்று தெருவில் யாரோ கத்தினான். “இன்னைக்கு மன்றத்துல இன்னும் நாலு பேரு விழணும்.” தடிகள் தரையில் தட்டின.

எல்வா வாசற்படிக்கு வந்தாள்.

“யாரும் வீசல. பத்த வச்சது எங்கண்ணன்தான். நான் பாத்தேன்.”

தட்டல் நின்றது. தாரியோ சிரித்தான். “தங்கச்சி ரெண்டு நாளா தூங்கல. உள்ள கூட்டிட்டுப் போங்க.”

“தீப்பெட்டி குடுத்தது நீ.”

அம்மா எழுந்து வந்தாள். எல்வாவின் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

“நீயும் கை தூக்கினியாமே?”

“தூக்கினேம்மா.”

அம்மாவின் கை அதற்கு மேல் எழவில்லை.

தாரியோ மறுபடியும் பெட்டியை இழுத்தான். அப்பா பிடியை விட்டார். மூடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை உருவினார். மகனின் வலது கை முழங்கையோடு முடிந்திருந்தது.

“வந்து பாருங்கடா,” என்றார். “எவனோ எறிஞ்ச குச்சிக்குக் கை இப்படியா போகும்?”

வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் சுரங்கத்துப் பிள்ளைகள். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். ஒருவன் ஓரமாகப் போய் வாந்தியெடுத்தான். “கிழவனையும் விலைக்கு வாங்கிட்டானுங்க,” என்று தாரியோ பெட்டியின் மேல் துப்பினான். அப்பாவின் நெற்றியில் தடி இறங்கியது. பிறகு யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியவில்லை. பெட்டி சரியாமல் இருக்க எல்வா அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள். முதுகிலும் விலாவிலும் அடி விழுந்தது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது.

கூச்சல் ஓய்ந்தபோது தாரியோ பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு பல்கலைக்கழகம் போயிருந்தான். மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். தொப்பியைக் கழற்றியவன் மட்டும் நின்றான்.

மூடியைத் திரும்பப் பொருத்தினார்கள். தூக்குவதற்கு அவனும், தலையில் துணி கட்டிய அப்பாவும், பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார்கள். நாலாவது மூலைக்கு எல்வா தோள் கொடுத்தாள். கல்லறை மேட்டில் பாதி ஏறியபோது கீழே நகரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. இன்னொன்று. நால்வரும் நின்றார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூச்சு தணிந்ததும் மறுபடி நடந்தார்கள்.

பின்னால் வந்த அம்மா எட்டி நடந்து பக்கத்தில் வந்தாள். தன் கறுப்புச் சால்வையை உருவி நாலாக மடித்தாள். எல்வாவின் முகத்தைப் பார்க்காமல், பெட்டியின் விளிம்புக்கும் அவள் தோளுக்கும் நடுவில் செருகினாள்.