ராய்ஸின் தொப்பியில் முளைத்த அத்தி

என் கணவர் ராய்ஸின் தொப்பியில் அத்தி முளைத்த அன்று நான் டாஸ்மேனியாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் போன்சாய் சங்கத்தில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் தொப்பி வரும், புறா வரும், பரிசுக் கோப்பை வரும்; என் பெட்டி மட்டும் வராது.

போன்சாய்க்காரனைக் கட்டிக்கொண்டவள் ஊர் சுற்ற முடியாது. தொட்டியில் வைத்த மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒரு வெயில் நாள் தவறினாலும் கதை முடிந்தது. கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் நாங்கள் ஆஸ்திரேலியாவின் வடக்கே இருக்கிற இந்த ஆதர்டன் மேட்டை விட்டு இறங்கி ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. தேனிலவுக்குக் கீழே கடற்கரையில் இருக்கிற கெய்ர்ன்ஸ் போனோம். மத்தியானம் மீன் சாப்பிட்டோம். தண்ணீர் ஊற்ற நேரமாச்சு என்று சாயங்காலமே திரும்பிவிட்டோம். என் அக்கா ஏவிஸ் டாஸ்மேனியாவில், ஹோபார்ட்டில் இருக்கிறாள். இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மீதிப் பாதி உன்னைப் பார்க்கத்தான் காத்துக்கிட்டிருக்கு டல்சி, சீக்கிரம் வா" என்று போனில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராய்ஸும் கூட வருவதாகச் சத்தியம் செய்திருந்தார்.

அப்போதுதான் அந்தப் புறா வந்தது.

ராய்ஸின் கம்பளித் தொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை அவர் துவைக்க விட்டதே இல்லை. தொட்டி மண்ணும் வியர்வையும் மலை மழையும் சேர்ந்து அதன் மேல் பாசியே படர்ந்திருந்தது. அத்திப்பழம் தின்ற புறா ஒன்று அதன் மேல் எச்சம் போட்டிருக்கிறது. மூன்றாம் வாரம் உச்சியில் இரண்டு இலை எட்டிப் பார்த்தது. எங்கள் காட்டில் இந்த நெரிக்கும் அத்தி முளைப்பதும் இப்படித்தான். வேறொரு மரத்தின் உச்சியில் விழும், அங்கிருந்து வேரைத் தொங்கவிடும், வேர் மண்ணைத் தொட்டதும் தாங்கிய மரத்தைச் சுற்றி வளைத்து இறுக்கும். கடைசியில் தாங்கிய மரம் செத்து மட்கி, அத்தி மட்டும் கூடாக நிற்கும். விருந்தாளி வீட்டுக்காரனைத் தின்கிற சங்கதி. இதைத் தொட்டியில் சின்னதாக வளர்த்துக் காட்டுவதுதான் எங்கள் ஊர்க்காரர்களின் பெருமை.

நான் வெறுமனே, "அதைப் பிடுங்கிப் போட்டுட்டுத் தொப்பியைக் கொடு, தோய்க்கணும்" என்றேன். ராய்ஸ் வெளிறிப்போய்ப் போனை எடுத்தார். அரை மணி நேரத்தில் சங்கத் தலைவர் கிளெம் பெத்தரிக் வண்டியை எங்கள் புல்தரையிலேயே ஏற்றி நிறுத்தினார்.

இங்கே முன்னோடியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஆஸ்வின் டிரெகியர் என்று ஒருவர், மரம் அறுக்கும் பட்டறை வைத்திருந்தவர். அத்தி பலகைக்கு ஆகாது என்று வெட்டாமல் விட்டுவிடுவார்களாம். அவர்தான் அதைத் தகர டப்பாவில் முதலில் வளர்த்தவர். ஒருநாள் அவருடைய மாட்டு வண்டியின் ஏர்க்காலில் புறா விதைத்த கன்று ஒன்று முளைத்தது. புறா விதைத்ததை வேர் மண் தொடும்வரை இடம் பெயர்க்கக் கூடாது என்று அவர் அந்த வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். அதன் பின் வண்டி நகரவே இல்லை. அவர் படம் சங்கக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் தேநீருக்கு முன் அதன் எதிரே எழுந்து நிற்போம். படத்தில் அவர் இருக்கிறார், வண்டி இருக்கிறது, அத்தி இருக்கிறது. அத்தனை வருஷமும் வண்டியில்லாமல் விறகைத் தோளில் சுமந்து வந்த அவர் மனைவி இல்லை. நான் எழுந்து நிற்கும்போதெல்லாம் அவளுக்காகத்தான் நிற்பேன்.

கிளெம் ராய்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"புறா விதைச்சது! இந்த மாவட்டத்துல டிரெகியருக்கு அப்புறம் இதுதான் ராய்ஸ். தொப்பியைக் கழட்டாதே."

"தூங்கறப்போ?" என்றேன் நான்.

"உட்கார்ந்து தூங்கட்டும். மரத்தைத் தாங்குற தாங்கியோட இடம் மாறக் கூடாது டல்சி. தொப்பிக்கு இடம் எது? அவன் தலை. நான் சொல்லலை, டிரெகியர் சொல்லியிருக்கார்."

"டிரெகியர் வண்டியைச் சொன்னார். வண்டிக்குப் பொண்டாட்டி கிடையாது."

"டாஸ்மேனியா எங்கேயும் போயிடாது" என்றார் கிளெம். இதைச் சொன்னவர் வாழ்நாளில் பக்கத்து ஊருக்குமேல் போனதில்லை.

நான் ராய்ஸைப் பார்த்தேன். அவர் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, "வேர் மண்ணைத் தொட்டதும் போயிடலாம் டல்சி. சத்தியம்" என்றார். பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் வைத்தேன். வைக்கும்போது அழுதேன். அது யாருக்கும் தெரியாது.

பிறகு என் வீடு சங்கத்தின் வீடாகிவிட்டது. முறை போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்ற வந்தார்கள். கதவைத் தட்டமாட்டார்கள், நேரே வராந்தாவுக்கு வந்து அத்தியிடம் "எப்படியிருக்கே கண்ணு?" என்பார்கள். கீழே என் கணவர் உட்கார்ந்து, "நல்லாயிருக்கேன்" என்று பதில் சொல்வார். யாரும் காதில் வாங்கமாட்டார்கள். இரண்டு வாரத்துக்கொருமுறை மீன் உரம் ஊற்றினார்கள். அந்த நாற்றத்தில் எங்கள் பூனை அவர் மடியை விட்டு இறங்காமல் கிடந்தது. வெயில் எல்லாப் பக்கமும் சமமாகப் படவேண்டும் என்று வாராவாரம் நாற்காலியைக் கால் வட்டம் திருப்பி வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாரம் எனக்கு அவர் முகம் கிடைக்கும், அடுத்த வாரம் காது, அதற்கடுத்த வாரம் பிடரி. பிடரி வாரங்களில் நான் வானொலியோடு பேசப் பழகிக்கொண்டேன்.

வேர் இறங்கத் தொடங்கியதும் அதை நேராக இழுக்க உறிஞ்சு குழாய்களில் ஈரப்பாசி அடைத்து முகத்தின் இரு பக்கமும் தொங்கவிட்டார் கிளெம். ஒருநாள் தலை சாயாமலிருக்கத் தேநீரையும் குழாய் போட்டுக் குடித்துக்கொண்டிருந்த ராய்ஸ் தவறான குழாயை உறிஞ்சிவிட்டார். பாசி வாய்க்குள் போய்விட்டது. கிளெம் ஓடி வந்து வேருக்கு அடிபட்டதா என்று பார்த்தார். வேர் தாங்கியோடு ஒட்டி வளரட்டும் என்று சமையலறையில் மிச்சச் சாப்பாட்டை மூட வைத்திருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்துத் தோளிலிருந்து இடுப்புவரை சுற்றினார்கள். என் தாள், என் புருஷன். கேட்க நாதியில்லை.

ஏவிஸ் போன் செய்வாள். "வரியா இல்லையாடி?"

"ராய்ஸ் மேல ஒரு மரம் வளருதுக்கா."

"இறங்கச் சொல்லேன்."

"மரத்தையா, மனுஷனையா?"

"யார் லேசா இருக்காங்களோ அவங்களை" என்பாள். பிறகு மூச்சு வாங்கும். அந்த மூச்சு ஒவ்வொரு மாதமும் நீண்டுகொண்டே போனது.

அடுத்த குளிர்காலம் வந்தது. ஆண்டுக் கண்காட்சி சனிக்கிழமை. ஞாயிறு காலை விமானத்துக்கு நான் இரண்டு சீட்டு எடுத்தேன். அதை ராய்ஸின் மடியில் வைத்து, "நான் போறேன். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்" என்றேன். அது பிடரி வாரம். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

கண்காட்சிக்கு அவரை டிராக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கூடத்தில் சுவரோரம் நடுவில் மேடை, அதன் மேல் சுழல் பலகை, பலகையில் நாற்காலி, நாற்காலியில் ராய்ஸ். முன்னால் அட்டை: 'நெரிக்கும் அத்தி. புறா விதைத்தது. தாங்கி: ராய்ஸ்.' பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்த நடுவர், கழுத்தில் கண்ணாடி தொங்கும் பெரிய மனிதர், பலகையை மெல்லச் சுழற்றினார். எல்லா மரத்துக்கும் ஒரு முகப்பு உண்டு. அதைக் கண்டுபிடிப்பதுதான் நடுவரின் முதல் வேலை. முழுச் சுற்றுச் சுற்றி நிறுத்தி, "இதுதான் முகப்பு" என்றார்.

அது ராய்ஸின் முதுகு. சபை கைதட்டியது. என் கணவரின் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"மரம் அபாரம். இலை சின்னது, வேர் அழகா இறங்கியிருக்கு" என்றார் நடுவர். "தாங்கிதான் ரொம்பப் பருமன். கண்ணு அதுக்கே போகுது. தாங்கி தெரியக் கூடாது, மரம்தான் தெரியணும். அடுத்த வருஷத்துக்குள்ள பாதியாக் குறைங்க."

கிளெம் பவ்யமாகத் தலையாட்டினார். "உருளைக்கிழங்கை நிறுத்திடலாம். குளிச்சு நாளாச்சு, அதனாலயே கொஞ்சம் உப்பித் தெரியுது சார்."

ஸ்கோன் ரொட்டியும் தேநீரும் வந்ததும் எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். நான் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறி, சுவருக்கும் அவருக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்து உட்கார்ந்தேன். முழங்கால் முட்டியது. பார்க்க வேறு எதுவும் இல்லை, ஒரு இலைகூட இல்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் பார்வையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"வயசாயிடுச்சு உனக்கு" என்றார்.

"உன் முதுகுக்கும்தான்."

அவர் சிரிக்கப் போய்ப் பாதியில் நிறுத்தினார். குழாய்கள் இரு பக்கமும் ஆடின. பிறகு அடங்கிய குரலில், "டல்சி, இது ஒட்டலை" என்றார்.

"எது?"

"வேர். ஒட்டவே இல்லை. எனக்கு முதல் மாசமே தெரியும். உள்ளே சட்டை இருக்கே, சட்டையில எங்கே ஒட்டும்? தொப்பியைத் தூக்கினா வந்துடும்."

எனக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அறையலாம் போலிருந்தது. "அப்ப ஏன் மனுஷா இப்படி உட்கார்ந்திருந்தே?"

"எனக்குப் பயம். விமானம், அந்த ஊரு, புது மனுஷங்க. அங்கே நான் யாரு? இங்கேன்னா, ராய்ஸைப் பார்க்க எல்லாரும் வராங்க."

"உன்னைப் பார்க்கவா வராங்க?"

"பின்னே? தினம் வராங்களே. என்னைக் காணோம்னா சங்கமே தவிச்சுப்போயிடும்."

கோபம் இருந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாக இருந்தது. எழுந்து பிளாஸ்டிக் தாளைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். தொப்பியை இரு கையாலும் தூக்கினேன். வலிக்காமல், முனகாமல், அத்தியும் குழாயும் வேருமாக அப்படியே வந்துவிட்டது. அடியில் அவர் வழுக்கை வெளுத்துக் குழந்தை மண்டையாக இருந்தது. அவரை எழுந்து நிற்க வைத்து, கூட்டுகிற ஆள் விட்டுப்போன வாளியை நாற்காலியில் வைத்து, அதில் துடைப்பத்தை நிறுத்தி நாற்காலி முதுகோடு அந்தத் தாளால் கட்டி, தொப்பியை அதில் மாட்டினேன். ராய்ஸின் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினேன். ஒரு வருஷம் உட்கார்ந்த கால், தள்ளாடினார்.

"நில்லு" என்று கிசுகிசுத்தார். "இப்ப பாரு, கத்துவாங்க."

நாங்கள் வாசல் பக்கம் ஓரமாக நின்றோம். நடுவர் ஸ்கோன் துகளைத் தட்டிக்கொண்டு கடைசிச் சுற்று வந்தார். கிளெமும் மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். மேடைக்கு முன் நின்று நெடுநேரம் பார்த்தார்.

"பேஷ்!" என்றார் நடுவர். "தாங்கியை அதுக்குள்ள குறைச்சுட்டீங்களே. இப்பத்தான் மரம் கண்ணுல படுது."

"தேநீர் நேரத்துலயே கவனிச்சுட்டோம் சார்" என்றார் கிளெம், கொஞ்சமும் கூசாமல். அட்டையில் தாங்கி என்ற இடத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டு 'துடைப்பம்' என்று எழுதினார். பரிசுக் கோப்பையை மரத்தின் முன்னால் வைத்தார்கள். படம் எடுத்தார்கள். படத்துக்கு இடம் போதவில்லை என்று ஒருவர் வாசல் பக்கம் பின்னே நகர்ந்து ராய்ஸின் காலை மிதித்துவிட்டு, "மன்னிக்கணும் நண்பரே" என்று சொல்லிவிட்டு மறுபடி மரத்தைப் பார்த்தார். ஒரு வருஷம் செவ்வாய்க்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றிய ஆள் அவர்.

ராய்ஸ் இன்னும் காத்திருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. மரத்துக்குத் தண்ணீர் தெளித்தார்கள், விளக்கை அணைத்தார்கள், சிரித்துப் பேசிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள். கடைசி வண்டியும் கிளம்பிய பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். கண்ணில் நீர் நின்றது.

"ஒருத்தன்கூடக் கவனிக்கலை டல்சி."

"நான் கவனிச்சேன். வண்டியில ஏறு. காலையில சீக்கிரம் எந்திரிக்கணும்."

அவர் ஏறி உட்கார்ந்தார். பாலம் தாண்டும்போது மெதுவாகக் கேட்டார்.

"ஏவிஸுக்கு என்னை ஞாபகம் இருக்குமா?"