கையெழுத்தாகாத அறிக்கை

டாக்டரின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஏழு கிளைகள் இருந்தன. ஏழுக்கும் சேர்த்து மூளை ஒன்றே ஒன்றுதான். தலைமைக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், மூன்று சர்வர்கள் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தன. அந்த அறைக்குப் பொறுப்பு டாக்டரின் கூடப்பிறந்த அண்ணன். செருப்பை வெளியே விடாமல் யாரும் உள்ளே போக முடியாது. அவரைக் கேட்காமல் ஓர் ஒயரைத் தொட முடியாது. ஊழியர்கள் அந்த அறைக்கு 'மாமனார் வீடு' என்று பேர் வைத்திருந்தார்கள். போனால் கைகட்டி நிற்க வேண்டும், எப்போது கிளம்பலாம் என்று பார்க்க வேண்டும்.

ஒரு வெயில் நாளில் அந்த அறையின் ஏசி நின்றது. சூடு தாங்காமல் சர்வர்கள் தாமாகவே அணைந்துகொள்ள, ஏழு கிளைகளிலும் ஆறு மணி நேரம் ஓர் அறிக்கைகூட வெளியே வரவில்லை. ஆபரேஷனுக்குத் தயாராகப் படுத்திருந்த ஒரு குழந்தை, ரத்த முடிவு கிடைக்காமல் மாலைவரை பட்டினி கிடந்தது. குழந்தையின் தகப்பன் வந்து சத்தம் போடவில்லை. வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று டாக்டருக்குத் தோன்றியது.

அடுத்த வாரமே டாக்டர் ஒரு கணினி ஆலோசகரை வரவழைத்தாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண். அதிகம் பேசாதவர், பேசினால் விளங்கும்படி பேசுபவர். வழி மூன்று இருக்கிறது என்றார். பெரிய நிறுவனம் ஒன்றின் கிளவுடில், அதாவது எங்கோ இருந்து இணையம் வழியாக இயங்கும் கணினிகளில், பலரோடு பலராக இடம் வாடகைக்கு எடுக்கலாம், அது பப்ளிக். தங்களுக்கென்று மட்டும் தனியாக ஒன்றை அமைத்துக்கொள்ளலாம், அது பிரைவேட். சிலதை அங்கே, சிலதை இங்கே என்று பிரித்து வைக்கலாம், அது ஹைப்ரிட்.

அண்ணனுக்கு இரண்டாவதைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை. இதே அறையில், இன்னும் நல்ல இயந்திரங்கள், இரண்டு ஏசி, போதும் என்றார்.

"நம்மள நம்பி ரத்தம் குடுக்கறாங்க. அதக் கொண்டுபோய் முகம் தெரியாதவன் கையில குடுக்கச் சொல்றியா? வீட்டு விஷயம் வீட்டுக்குள்ள இருக்கணும்."

டாக்டருக்கும் மனசு அந்தப் பக்கமே சாய்ந்தது. இருபது வருஷமாக அண்ணன் ஒரு நாள்கூட அந்த அறையைப் பூட்டாமல் போனதில்லை.

ஆலோசகர் இரு தரப்பிலும் சேரவில்லை. எது எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், எதை யார், எங்கிருந்து, எத்தனை தடவை திறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். அந்தக் கணக்கை மென்பொருளே எழுதி வைத்திருந்தது. அப்படி ஒன்று எழுதப்படுவது அண்ணனுக்கும் தெரியும்; அதை யாரும் எடுத்துப் படித்ததில்லை என்பதும் தெரியும்.

பத்து நாள் கழித்து ஆலோசகர் ஒரு தாளை நீட்டினார். நாலு மாசத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடம் பூட்டியிருந்த நேரம். சர்வர் அறையிலிருந்தே ஒரு ரத்த மாதிரியின் முடிவு மூன்று முறை திறக்கப்பட்டிருந்தது. வேலைக்காகத் திறந்ததாகத் தெரியவில்லை. தாளில் மாதிரியின் எண் மட்டும்தான் இருந்தது. "பேர் எனக்கு வேண்டாம் மேடம். நீங்க விசாரிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டாக்டர் தன் அறைக்குள் போய் அந்த எண்ணை அடித்தாள். வந்தது அவளுக்குத் தெரிந்த பேர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் இளைஞன். அண்ணன் மகளுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை. நாலு மாசத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, 'சரிப்பட்டு வராது' என்ற ஒரே வார்த்தையில் அண்ணன் அந்தக் கல்யாணத்தை நிறுத்தியிருந்தார். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். பேர் தெரிந்ததோடு வேலை முடிந்தது. ஆனாலும் முடிவைத் திறந்தாள். கல்லீரலைத் தாக்கும் ஒரு கிருமிக்கான சோதனை. முதல் சோதனையில் 'இருக்கலாம்' என்று வந்திருந்தது. கீழே சின்ன எழுத்தில், கையெழுத்தாகவில்லை, மறுசோதனைக்கு அனுப்பப்பட்டது என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை மறுசோதனையின் முடிவு: கிருமி இல்லை. அடியில் அவளுடைய கையெழுத்து. ஒரு நாளைக்கு இருநூறு போடுகிறவள், நினைவில் இல்லை. செவ்வாய்க்கிழமை முடிவை அண்ணன் திறந்ததாக எங்கும் பதிவு இல்லை.

அன்று மத்தியானம் அண்ணனைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினாள். அவர் மறுக்கவில்லை.

"பொண்ணப் பெத்தவன் வேற என்ன பண்ணுவான்? மாதிரி வந்த லிஸ்ட்ல பேரப் பாத்தேன். சும்மா இருக்க முடியல."

"அது தப்புண்ணா."

"தப்புதான். ஆனா நல்லவேளை, பாத்தேன்."

அவனுக்கு ஒன்றும் இல்லை என்ற மூன்றே வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் அண்ணன் இடிந்துபோவார். மகளின் வாழ்க்கை திரும்பினாலும் திரும்பும். ஆனால் அந்த மூன்று வார்த்தையும் அவளுடையவை அல்ல. வேலியே பயிரை மேய்ந்தது என்று அண்ணனைச் சொல்லப் போனவள், தானும் ஒரு வாய் மேய்ந்துவிட்டுத்தான் வந்திருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, இனி சர்வர் அறைச் சாவி தன்னிடம் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள். அவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

மறுநாள் கண்ணாடிக் கடைக்காரனை வரச் சொன்னாள். அவன் எதிரே உட்கார்ந்ததும், உங்கள் அறிக்கையை உங்களுக்குத் தெரியாமல் இங்கே திறந்திருக்கிறார்கள், அதை உங்களிடம் சொல்வது என் கடமை என்றாள். யார் என்று கேட்டான்.

"எங்க அண்ணன். கையெழுத்தாகறதுக்கு முன்னாடி இருந்தத மட்டும் பாத்திருக்கார். நேத்து நானும் திறந்தேன். எனக்கும் அந்த அவசியம் இல்ல."

நாலு மாசமாக எதைத் தேடினானோ அது கிடைத்துவிட்டது என்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருந்தா, நானே கையில குடுத்திருப்பேனே மேடம்" என்றான்.

புகார் கொடுப்பதானால் நடந்ததை எழுதித் தருகிறேன் என்றாள். யோசிக்க வேண்டும் என்றான். இரண்டு முடிவுகளின் நகலையும் வாங்கி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

மாசக் கடைசியில் ஆலோசகர் வந்தார். டாக்டர் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். இத்தனை நாளும் வெளியாளை நினைத்தே பயந்திருக்கிறோம், ஆனால் முகம் தெரியாதவனுக்கு நம் நோயாளிமேல் என்ன ஆசை இருக்கப்போகிறது, நோயாளியை அறிந்தவனுக்குத்தானே சபலம் என்றாள். அப்படியானால் எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்விடலாமா என்று ஆலோசகர் கேட்டார். வேண்டாம் என்றாள் டாக்டர். முகம் தெரியாதவன் நேர்மையானவன் என்பதற்கும் அத்தாட்சி இல்லை.

கடைசியில் ஹைப்ரிட் என்று முடிவாயிற்று. சோதனை முடிவுகளும் அன்றாட ஓட்டமும் எண்ணை மட்டும் சுமந்துகொண்டு வாடகை கிளவுடில் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாக, வேறொரு கட்டடத்தில், அவர்களுக்கென்றே அமைத்த இடத்தில் இருக்கும். மாதிரி கொடுத்த கிளையைத் தவிர வேறெங்கிருந்தும் இரண்டையும் இணைத்துப் பார்க்க வேண்டுமானால் இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க முடியும். யார் திறந்தாலும் அன்று மாலைக்குள் நோயாளிக்குத் தகவல் போகும்.

"இந்த விதி உங்களுக்குமா?" என்று கேட்டார் ஆலோசகர்.

"எனக்குந்தான். முதல்ல எனக்கு."

அண்ணன் மகள் ஒரு சனிக்கிழமை வந்தாள். கண்ணாடிக் கடைக்காரன் நேரே அவளிடமே போய் இரண்டு தாளையும் காட்டியிருந்தான். அவள் அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல அத்த?"

"தெரியும்."

"அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"அவன் சொல்ல வேண்டியதும்மா அது. எனக்கு எங்க பாத்தியத இருக்கு?"

அது நியாயம் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை. காபியைக் குடிக்காமலே எழுந்து போனாள். வாசல்வரை போனவள் திரும்பி, கண்ணாடிக் கடைக்காரர் மறுபடி கல்யாணம் பேச வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் நாலு மாசம் ஏன் என்று ஒரு தடவைகூடத் தன்னிடம் கேட்காமல் இருந்தவரைப் பற்றி இனிமேல்தான் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றும் நாள் வந்தது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். அவரைக் கூப்பிட டாக்டருக்கு வாய் வரவில்லை. காலை ஏழு மணிக்கு அவராகவே வந்து நின்றார். இரண்டு மாசத்தில் பத்து வயசு கூடியதுபோல இருந்தார். மகள் இரண்டு தாளையும் காட்டினாள், கண்ணாடிக் கடைக்குப் போனேன் என்றார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம்வரை இருவரும் தரையில் உட்கார்ந்து ஒயர்களுக்குச் சீட்டு ஒட்டினார்கள். ஐந்து மணிக்குக் கிளைகள் ஒவ்வொன்றாகப் புது இடத்திலிருந்து பேசத் தொடங்கின. ஆறாவது கிளை மட்டும் முரண்டு பிடித்தது. அண்ணன் போனை எடுத்து, அங்கிருந்த பெண்ணிடம் பொறுமையாக ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.