மாற்றிக்கொண்ட டப்பா

பெயின்டரும் வெல்டரும் வேறு வேறு தேசத்துக்காரர்கள். அடுத்த வீட்டுச் சமையலுக்கு நாக்கைத் தொங்கப்போட்டு, தினமும் மதியம் டப்பாவை மாற்றிக்கொண்டு தின்பார்கள். பெண்டாட்டிகளிடம் மூச்சு விட்டதில்லை. தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் கட்டடத்துச் சாரம் சரிந்து வெல்டர் செத்துப்போனார். அது ஆட்டம் கண்டிருப்பதை முந்தின நாளே சொல்லியும் பாழாய்ப்போன மேஸ்திரி காதில் வாங்கவில்லை.

பெயின்டர் வெல்டரின் டப்பாவைத் திறந்தார். தடித்த ரொட்டி, மிளகு போட்ட பீன்ஸ். அதை முழுசாக, சமைத்த பெண்ணிடமே திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினார். டப்பாவைக் கழுவி, பிணவறை வாசலில் நின்ற வெல்டரின் மனைவியிடம் நீட்டினார்.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

"சாப்பிட்டுட்டுத்தான் போனாராண்ணே?"

"துளி மிச்சம் வைக்கலம்மா."

வீட்டில் பெயின்டரின் மனைவி அவர் டப்பாவைத் திறந்தாள். சோறும் பருப்பும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"ஏன், என் சமையல் கசந்துபோச்சா?"

அவர் டப்பாவை வாங்கிக்கொண்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெல்டருடைய பங்கைத் தின்னத் தொடங்கினார்.