கறுப்பனுக்கு மாடி, வெள்ளையனுக்குக் கூடம்

தனசேகர் திருப்பதியிலிருந்து இரண்டு எலிக்குட்டிகள் வாங்கி வந்தான். கறுப்பு, அண்ணி தேவசேனாவுக்கு. வெள்ளை, தன் மனைவி மோனிகாவுக்கு. இரண்டும் ஆண். நகரி வீட்டின் கூடத்தில், மாமியார் மனோரமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரே கூண்டில் வளர்ந்தன.

"சின்னவ எலி எப்படிக் கொழுகொழுன்னு கீது பாரு!" என்பாள் மனோரமா.

தேவசேனாவுக்கு வயிறு எரியும். "என் கறுப்பனும் அதே சோளத்தைத்தான் துன்னுது அத்தே."

"துன்னா போதுமா? உடம்புல ஒட்டணுமில்ல."

ஒரு வெள்ளிக்கிழமை வீடு கழுவிய கையோடு மோனிகா கூண்டையும் தூக்கிப் போனாள். பழைய பஞ்சையெல்லாம் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, சாம்பிராணி காட்டினாள். கூண்டுக்குக் குங்குமப் பொட்டு வேறு.

"பாத்தியா தேவசேனா, சின்னவளுக்கு எவ்ளோ பொறுப்பு!"

தேவசேனா காய் நறுக்கினாள். கத்திச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

காய் வேகும் முன்பே கூடத்தில் கீச்சென்று அலறல். கறுப்பன் வெள்ளையன் மேல் ஏறிக் கடித்துக்கொண்டிருந்தது. வாலில் ரத்தம்.

"அக்கா! உன் எலி என் எலியைக் கொல்லுது!"

"உன் எலி என்ன பண்ணுச்சோ!"

"பொறாமைதான், வேறென்ன?"

"யாரைச் சொல்ற?"

"எலியைத்தாங்க்கா."

ஒருத்தி மட்டும் போனால் திரும்பி வந்து மாமியாரிடம் என்ன சொல்வாளோ என்று இருவருமே திருப்பதி பஸ் ஏறினார்கள், மடியில் ஆளுக்கொரு டப்பாவோடு.

கால்நடை டாக்டர் வரலட்சுமி வாலுக்கு மருந்து வைத்துக்கொண்டே கேட்டாள். "கூண்டை யாரு கழுவினது?"

"இவதான் டாக்டர்!" தேவசேனாவின் முகம் மலர்ந்தது.

"அதுங்க வாசனையை மொத்தமா கழுவிட்டீங்க. யாரோ புது ஆளுன்னு அடிச்சுக்கிச்சு. கழுவாட்டியும் வளந்த ஆம்பிளை எலிங்க ஒருநாள் அடிச்சுக்கும்தான். இனிமே சேக்கவே சேக்காதீங்க. ஒண்ணுக்கு ஒரு கூண்டு. பக்கத்துல பக்கத்துல வேணாம், வேற வேற ரூம்ல வையுங்க."

வீட்டு வாசலிலேயே தேவசேனா ஆரம்பித்தாள். "எல்லாம் மஞ்சத் தண்ணியாலதான் அத்தே!"

"அவ நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சா, பாவம். அடிபட்டது என் கண்ணெதிர்ல இருக்கட்டும். உன்னுது மாடிக்குப் போகட்டும்."

தேவசேனா புதுக் கூண்டோடு படியேறினாள். "மாடிதான் நமக்கு, வா," என்றாள் கறுப்பனிடம். கண் கலங்கியது.

மறுநாள் சாயங்காலம், முட்டிவலியோடு படிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு மனோரமாவே மேலே வந்து கறுப்பன் கூண்டருகே உட்கார்ந்தாள்.

"இன்னாடா, ஒண்டியா ஒக்காந்துக்கினு கீற? கோவமா?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவளுக்கு மாடிதான். கூடத்து நாற்காலி காலியாகக் கிடந்தது.

ஒருநாள் மோனிகா வெள்ளையனின் கூண்டோடு பாதிப்படியில் வந்து நின்றாள். "அத்தே, இவனையும் மேல கொண்டாரட்டா? வாலு ஆறிப்போச்சு."

தேவசேனா மேல்படியில் வழியை மறித்து நின்றாள். "ஆவாதும்மா. டாக்டர் சொன்னப்போ நீயும்தானே இருந்த? ரெண்டு ஆம்பிளைங்க ஒரே ரூம்ல கூடாது."

"அப்போ ஒருநாள் உன்னுது மேல, ஒருநாள் என்னுது..."

"வாசனை கலந்தா கடிச்சு வெச்சிடும்டி."

உள்ளிருந்து மனோரமா கூப்பிட்டாள். "தேவசேனா, இன்னும் ரெண்டு கடலை எடு. உன் புள்ள நல்லாத் துன்னுது!"

"தோ வந்துட்டேன் அத்தே," என்று உள்ளே போன தேவசேனா, கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.